எழுத்து வகுப்புக்கு ஒரு பக்கத்தில் விதிகள்

எங்கள் கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதப் பழக்கும் பேப்பர் ஒன்று உண்டு. வாரம் 2 மணி நேரம், 2 கிரெடிட். பி.காம்., கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ், வரலாறு என்று எல்லாத் துறையிலிருந்தும் வருவார்கள். ஒரு வகுப்பில் 56 பேர். பாதிப் பேருக்கு இது சும்மா பாஸ் ஆகிற பேப்பர். மீதிப் பேருக்குத் தமிழ் என்றாலே மனப்பாடச் செய்யுள்தான். இவர்களை எப்படி எழுத வைக்கிறீர்கள் என்று புதிதாக வேலைக்கு வந்த நண்பர்கள் கேட்பதுண்டு. பாடத்திட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. அது அலகு 1 முதல் 5 வரை அச்சாகி வந்துவிடுகிறது. அதில் இல்லாத சங்கதிகள்தான் வகுப்பை நடத்துகின்றன. யார் எப்போது உள்ளே வரலாம், அசைன்மென்ட் தாமதமானால் என்ன, பார்த்து எழுதினால் என்ன, ஏஐயிடம் கேட்கலாமா, திருத்தித் தர நான் எத்தனை நாள் எடுத்துக்கொள்வேன். இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, முதல் வகுப்பிலேயே கையில் கொடுத்துவிடுகிறேன்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இது சாதாரணம். அங்கே முதலாமாண்டு எழுத்து வகுப்பு பெரும்பாலும் கட்டாயம். ஹார்வர்டில் 1885இலேயே தொடங்கிய பழக்கம் அது. சிலபஸ் என்று அவர்கள் கொடுக்கிற தாளில் பாடம் பாதி, வகுப்பு விதிகள் பாதி. நம் ஊரில் சிலபஸ் என்றால் பாடப்பகுதி மட்டும்தான். அதனால் என் தாளை வாங்கிப் பார்த்த பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, “ஐயா, இது எக்ஸாமுக்கு வருமா?”

ஒரு விதியைத் தாளில் சேர்ப்பதற்கு முன் நான் பார்ப்பது ஒன்றுதான். இது இருந்தால் பிள்ளைகள் கூடுதலாக ஒரு வரி எழுதுவார்களா? ஆமாம் என்றால் இருக்கட்டும். இல்லையென்றால் அது ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் வேலை, என் வேலை இல்லை. சட்டை டக் இன் பண்ணுவது, ஐடி கார்டு போடுவது எதுவும் என் தாளில் கிடையாது.

வருகைப்பதிவில் நமக்குப் பெரிய சுதந்திரம் இல்லை. 75 விழுக்காடு இருந்தால் தேர்வு எழுதலாம். 65க்கும் 75க்கும் நடுவில் நின்றால் காரணம் காட்டி, கட்டணம் கட்டி, கண்டோனேஷன் என்கிற விலக்கு வாங்க வேண்டும். நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஏறத்தாழ இதுதான் கணக்கு. இதில் ஆசிரியர் கைவைக்கக் கூடாது. “எழுதாதவனுக்கு ஆப்சென்ட்” என்று மிரட்டினால் அவன் துறைத்தலைவரிடம் போவான், நியாயமும் அவன் பக்கம் இருக்கும். வந்தவன் வந்தவன்தான்.

ஆனால் எப்படி உள்ளே வருவது என்பது நம் கையில் இருக்கிறது. முதல் மணி 9.30க்கு. மகளிர் கட்டணமில்லாமல் ஏறுகிற டவுன்பஸ் எங்கள் ஸ்டாப்புக்கு வருவதே 9.35க்கு. முன்னால் வருகிற தனியார் பஸ்ஸில் ஏறினால் காசு கொடுக்க வேண்டும். மாதம் முழுக்க அந்தக் காசைக் கொடு என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. அதனால் தாளில் ஒரு வரி: தாமதமாக வருகிறவர்கள் பின்வாசல் வழியாக வந்து, எதுவும் கேட்காமல் உட்கார்ந்து எழுத ஆரம்பிக்க வேண்டும். அந்த ‘எதுவும் கேட்காமல்’தான் முக்கியம். வாசலில் நின்று “மே ஐ கமின் சார்” என்று ஒருவர் கேட்டால் 55 பேனா நிற்கிறது. நான் தலையாட்டுகிறேன். அவர் நடந்து போகிறார், பையைக் கழற்றுகிறார், பக்கத்தில் இருப்பவரிடம் “என்னடா போகுது” என்கிறார். இப்படி நான்கு பேர் வந்தால் எழுத்து நேரம் போயே போச்சு. பள்ளிக்கூடத்தில் ஊறிய பழக்கம், விடுவதற்குச் சில வாரம் பிடிக்கும். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிற பிள்ளைகளைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

வகுப்பின் முதல் 10 நிமிடம் எழுதுவதற்கு மட்டும். கரும்பலகையில் ஒரு வரி இருக்கும். தலைப்பு மாதிரி இருக்காது. ‘மழைநீர் சேகரிப்பு’ என்று எழுதினால் எல்லோரும் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். ‘இன்று காலை கிளம்பும்போது வீட்டில் கடைசியாகக் காதில் விழுந்த பேச்சு’ என்று எழுதிப் பாருங்கள். “கேஸ் புக் பண்ணிட்டுப் போ”, “டப்பாவக் கழுவிக் கொண்டா, நேத்து மாதிரி நாறவைக்காத”, “அப்பாகிட்ட பீஸ் பத்திப் பேசாத, நான் பாத்துக்கிறேன்” என்று வரும். கடைசியாகச் சொன்னதை எழுதிய பெண் அன்றைக்கு இரண்டு பக்கம் எழுதினாள். இந்த 10 நிமிடத் தாளுக்கு மதிப்பெண் கிடையாது, திருத்தமும் கிடையாது. ஃபைலில் சேர்ந்தால் போதும். பேனா நிற்கக் கூடாது என்பது மட்டும் விதி. ஒன்றும் தோன்றவில்லை என்றால் ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்றே எழுத வேண்டும். அதையே பக்கம் பூராவும் எழுதுகிறவர்கள் ஓரிருவர் இருப்பார்கள். இரண்டாவது வாரம் அவர்களுக்கே சலித்துவிடும்.

அப்புறம் ஒரு தடை. முதல் மாதம் யாரும் முன்னுரை, முடிவுரை எழுதக் கூடாது. உட்தலைப்பும் கூடாது, ஸ்கெட்ச் பேனாவும் கூடாது. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். “முன்னுரை இல்லாம எப்படிய்யா ஆரம்பிக்கிறது?” என்று உண்மையிலேயே கலங்கிப்போய்க் கேட்பார்கள். நடந்ததிலிருந்து ஆரம்பி என்பேன். “எத்தனை பக்கம்?” என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் போட்டுவிடுகிறேன்: எழுத்து அளவைப் பெரிதாக்காமல் ஒன்றரைப் பக்கம். எழுத்தைப் பெரிதாக்கும் கலையில் நம் பிள்ளைகள் கைதேர்ந்தவர்கள். பொதுத்தேர்வுக்குக் கூடுதல் தாள் வாங்கிப் பழகியவர்கள் அல்லவா.

காப்பியடிப்பதற்கு வருகிறேன். தப்பு என்று சொல்வதற்கு முன், பன்னிரண்டு வருஷம் நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே பார்த்து எழுதுவதைத்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். போர்டைப் பார்த்து எழுது, நோட்ஸைப் பார்த்து எழுது, இம்போசிஷன் பத்துத் தடவை எழுது. சொந்தமாக ஒரு வரி எழுதினால் “புக்ல இப்படியா இருக்கு?” என்று மார்க்கைக் குறைத்ததும் நாம்தான். அதனால் இணையத்திலிருந்து எடுத்து எழுதுகிற பிள்ளை, தான் திருடுவதாக நினைப்பதில்லை, படித்ததாகத்தான் நினைக்கிறது. நகரக் குப்பையைப் பற்றி ஒருவர் கொடுத்த கட்டுரை இன்னும் நினைவிருக்கிறது. முத்து முத்தான கையெழுத்து. மூன்றாவது பத்திக்குக் கீழே, கோடு போட்டு, ‘இதையும் படிக்க: இன்றைய தங்கம் விலை’ என்று உட்தலைப்பு. அதற்குக் கீழே மறுபடியும் குப்பை. அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வாசிக்காமலே எழுத முடியும் என்று அவருக்கு நாமே பயிற்சி கொடுத்திருக்கிறோம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டுக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை; அதற்கு மேல் ஒப்புமை 40, 60 விழுக்காடு என்று தாண்டத் தாண்டத் தண்டனையும் படிப்படியாக ஏறும். பொதுச்செய்தியோ தற்செயலாக ஒத்துப்போகிற சொற்களோ தொடர்ச்சியாக 14 சொல் வரை இருந்தால் கணக்கில் சேராது. ஆய்வேடுகளை மனத்தில் வைத்துச் செய்தது, அங்கே சரி. தமிழில் எழுதுகிற முதலாமாண்டுப் பிள்ளைக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒரே சொல். 14 சொல் என்றால் ஒரு முழு வாக்கியமும் அடுத்த வாக்கியத்தில் பாதியும் வந்துவிடும். எனவே என் தாளில் விழுக்காடே கிடையாது. பிறருடைய வாக்கியம் ஒன்று முழுதாக வந்தால், அது யாருடையது, எங்கே பார்த்தது என்று அதே பத்தியில் சொல்லிவிட வேண்டும். “இதை நான் தினசரியில் படித்தேன்”, “எங்கள் ஆச்சி சொல்வாள்” என்று எழுதினாலே போதும். அடிக்குறிப்பு எல்லாம் மூன்றாமாண்டில் பார்த்துக்கொள்ளலாம். முதல் தடவை மாட்டினால் தாளைத் திருப்பித் தருவேன், மறுபடி எழுதலாம். இரண்டாவது தடவை அந்த அசைன்மென்ட்டுக்குச் சுழி.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது. அடுத்தடுத்த பருவங்களில் எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. “ஜிபிடில போட்டேன் ஐயா” என்பது இப்போது சாதாரணப் பேச்சு. இதற்குக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வாங்கலாம் என்று ஆசிரியர் கூட்டங்களில் பேச்சு வரும்போதெல்லாம் நான் வேண்டாம் என்கிறேன். ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் டோஃபல் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வின் கட்டுரைகள் 91ஐ எடுத்து 7 கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத மனிதர்கள் எழுதியவை அவை. சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று கருவிகள் சொல்லிவிட்டன. எளிய சொற்களில் எழுதுகிற பிள்ளைதான் மாட்டும் என்றால், நம் வகுப்பில் மாட்டப்போவது யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் செய்வது வேறு. முதல் வரைவை வகுப்பிலேயே, கையால் எழுத வைக்கிறேன். வீட்டில் ஏஐயிடம் கேட்டிருந்தால், என்ன கேட்டாய், எதை எடுத்துக்கொண்டாய் என்று தாளின் பின்பக்கம் இரண்டு வரி எழுத வேண்டும். எழுதினால் மதிப்பெண் குறையாது. சந்தேகம் வந்தால் கூப்பிட்டுப் பேசுவேன், அவ்வளவுதான். கணிதத் துறைப் பையன் ஒருவன் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதியிருந்தான். ‘நீர்நிலைகள் மனித வாழ்வின் உயிர்நாடியாகத் திகழ்கின்றன’ என்று தொடக்கம். வழவழவென்று போகிறது, எந்த ஊர் என்றே தெரியவில்லை.

“தம்பி, உங்க கண்மாய் எங்க இருக்கு?”

“ஊருக்கு மேற்க ஐயா.”

“இப்ப தண்ணி கெடக்கா?”

“எங்க ஐயா கெடக்கு, பூரா சீமைக்கருவேலம். அத வெட்டுறதுக்கு ஏலம் விட்டாங்க, அதுல எங்க சித்தப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கிறதில்ல.”

“இதையேன் எழுதல?”

“இதெல்லாம் கட்டுரையில எழுதலாமா ஐயா?”

எழுதிக் கொண்டுவந்தான். ஏலத்தொகை, யார் கேட்டது, தேர்முட்டியில் நடந்த சண்டை எல்லாம் இருந்தது. ஒற்றுப்பிழை ஏராளம். அந்தக் கட்டுரையை எந்த இயந்திரத்தாலும் எழுதியிருக்க முடியாது, அதற்குச் சித்தப்பா கிடையாது.

மதிப்பெண்ணை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில்தான் பிள்ளைகள் நம்மை நம்புவதும் நம்பாததும் இருக்கிறது. பருவத்தேர்வுக்கு 75, உள்மதிப்பீட்டுக்கு 25. அந்த 25இலும் 15 டெஸ்ட்டுக்குப் போய்விடும். என் கையில் மிஞ்சுவது அசைன்மென்ட்டுக்கான 10. அதை இப்படி வைத்திருக்கிறேன்: முதல் வரைவு எழுதினால் 3, திருத்தி எழுதினால் 4, இன்னொருவர் தாளை வாசித்துக் குறிப்பு எழுதினால் 2, இறுதிப் பிரதிக்கு 1. இறுதிப் பிரதிக்கு ஒன்றா என்று சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். இறுதிப் பிரதியை அக்கா எழுதித் தரலாம், ஜெராக்ஸ் கடைக்காரர் டைப் அடித்துத் தரலாம். திருத்துவதை மட்டும் என் கண்ணெதிரில் செய்தாக வேண்டும். விலை அதற்குத்தான்.

இன்னொருவர் தாளை வாசிக்கும்போது ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதக் கூடாது. எந்த வரியில் நின்றாய், எங்கே இன்னும் கேட்கத் தோன்றியது, இந்த இரண்டையும் எழுத வேண்டும். “அப்பா ஞாயிற்றுக்கிழமை கரி வாங்கி வந்தார்” என்று எழுதியிருந்த தாளின் ஓரத்தில் தோழி ஒருத்தி, “அடுப்புக்கா, குழம்புக்கா?” என்று கேட்டிருந்தாள். ரகர றகரம் பற்றி நான் எடுக்கிற அரைமணி நேரப் பாடத்தைவிட அது நன்றாக வேலை செய்தது. பிழைதிருத்தத்துக்கும் ஒரு வரையறை வைத்திருக்கிறேன். முதல் வரைவில் பிழை பார்ப்பதில்லை. இரண்டாவதில் ஒருவருக்கு இரண்டு வகைப் பிழை மட்டும் சுட்டுவேன். ஒருவருக்கு ல, ள, ழ, இன்னொருவருக்கு ஒற்று. தாள் முழுக்கச் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தால் பிள்ளை வட்டத்தை எண்ணுமே தவிர வாசிக்காது. வட்டார வழக்கு உரையாடலில் தாராளமாக வரலாம், நடை மட்டும் எழுத்துத் தமிழில் இருக்கட்டும்.

தாமதத்துக்கு ‘வாய்தா’ முறை. ஒவ்வொருவருக்கும் பருவத்துக்கு இரண்டு வாய்தா. ஒரு வாய்தாவுக்கு ஒரு வாரம். காரணம் சொல்ல வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். காரணம் கேட்டால் பிள்ளைகள் பொய் சொல்லப் பழகுகிறார்கள்; பாவம், பாட்டிமார் திரும்பத் திரும்பச் சாகிறார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் வேலைதான். முகூர்த்த நாள் வந்தால் பையன்கள் கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் பரிமாறப் போய்விடுவார்கள். ஆவணியிலும் தையிலும் பின்வரிசை காலியாக இருக்கும். பெண்பிள்ளைகள் சிலர் சாயங்காலம் ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள். இதைக் கூட்டத்தில் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். வாய்தா என்று தாளின் மூலையில் எழுதிவிட்டால் கூச்சமில்லை. ஒரே நிபந்தனை, உள்மதிப்பெண்ணை ஏற்றும் கடைசி நாளுக்குப் பிறகு எந்த வாய்தாவும் செல்லாது. போர்ட்டல் மூடிவிட்டால் நான் கெஞ்சினாலும் திறக்காது.

விதி எனக்கும் உண்டு. 56 தாள், ஒரு தாளுக்கு 8 நிமிடம் என்றால் ஏழரை மணி நேரம். ஒரே மூச்சில் முடியாது. நாளுக்குப் பத்துத் தாள் என்று வைத்தால் ஒரு வாரம். அதனால் 14 நாளுக்குள் திருத்தித் தருவேன் என்று தாளில் எழுதியிருக்கிறேன். தரவில்லை என்றால் வகுப்பு மொத்தத்துக்கும் கூடுதலாக ஒரு வாய்தா. நாளை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். பதினைந்தாவது நாள் காலையில் நான் வகுப்புக்குள் நுழையும்போதே “வாய்தா, வாய்தா” என்று பின்வரிசையில் குரல் கிளம்பும். கல்லூரியின் தரத்தை மதிப்பிடுகிற நாக் கமிட்டி வந்த பருவத்தில் அப்படி ஒன்றைக் கொடுக்க வேண்டிவந்தது. தங்கள் விதி ஆசிரியரையும் கட்டுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, சுழி போட்டபோதும் யாரும் சண்டைக்கு வரவில்லை. மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் அன்றைக்கே கேட்கக் கூடாது, ஒரு ராத்திரி கழித்து மூன்று வரியில் எழுதிக் கொண்டுவர வேண்டும். பாதி வழக்கு அந்த ராத்திரியிலேயே தீர்ந்துவிடும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நடந்ததை எழுது என்று சொன்னால் நடந்ததை எழுதிவிடுவார்கள். குடிக்கிற அப்பா, சாதிப்பேர் சொல்லித் திட்டிய வாத்தியார், வீட்டில் பார்க்கத் தொடங்கியிருக்கிற மாப்பிள்ளை. எனவே தாளை நடுவில் மடித்துக் கொடுத்தால் நான் மட்டும் வாசிப்பேன், மாற்றித் திருத்த யாருக்கும் போகாது. இதை முதல் நாளே சொல்ல வேண்டும். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று எழுதியிருந்தால் நான் ரகசியம் காக்க மாட்டேன். உன்னிடம் சொல்லிவிட்டு, உள்புகார்க் குழுவுக்கோ ஆலோசகருக்கோ கொண்டுபோவேன். எழுதிய பிறகு இதைச் சொன்னால் அது துரோகம் மாதிரி ஆகிவிடும். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416ஐத் தாளின் அடியில் போட்டிருக்கிறேன். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

செல்போன் கவிழ்த்து மேசைமேல் இருக்க வேண்டும், அகராதி பார்க்க எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பக் கூடாது. பாதி நிழல், பாதி விரல். இரவு 8 மணிக்கு மேல் குரூப்பில் நான் இல்லை.

மூன்றாவது வாரம் விதித் தாளைத் திரும்ப எடுத்து, எதை மாற்றலாம் என்று கேட்பேன். வேண்டாம் என்று கையைத் தூக்கினால் காரணம் எழுதித் தர வேண்டும், அதுவும் பயிற்சிதானே. போன பருவத்தில் ஸ்கெட்ச் பேனாவுக்கு அனுமதி கேட்டு ஒரு மனு வந்தது, தள்ளுபடி. ‘ஐயா தாளை வாசிக்கும்போது எழுதியவர் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது’ என்று ஒரு மனு, அது தாளில் ஏறிவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகு பருவத்தேர்வு வினாத்தாள் ‘குறிப்புகளைக் கொண்டு கட்டுரை வரைக’ என்றுதான் கேட்கிறது. 3 மணி நேரம், 75 மதிப்பெண். ஆகவே கடைசி மூன்று வாரம் முன்னுரை, பொருளுரை, முடிவுரைக்கே திரும்பிவிடுகிறேன். பிள்ளைகளிடம் மறைப்பதில்லை, இது தேர்வுக்கு, அது உங்களுக்கு என்று சொல்லித்தான் எடுக்கிறேன். 75இல் 25ஐ வரைவு ஃபைலுக்கு ஒதுக்கும்படி பாடத்திட்டக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெளியாள் அதை எப்படி மதிப்பிடுவார் என்று கேட்டார்கள். இயற்பியல் பிராக்டிகலுக்கு வருகிற வெளித்தேர்வாளர் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தானே மார்க் போடுகிறார், அதே மேசையில் இந்த ஃபைலையும் வைக்கலாம் என்று பதில் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.